அடுத்தவன் முட்டி

மனிதர்களைத் திருத்த அபராதம் போதாது என்பதைக் கண்டுபிடிக்கத் தென்மண்டலத் தொழில்முறைக் கபடி லீகுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அபராதம் போட்டால் அணியின் முதலாளி கட்டினார். கட்டிவிட்டு அதை விளம்பரச் செலவில் சேர்த்துக்கொண்டார். ஆட்டத் தடை விதித்தால் வீரர்கள் குடும்பத்தோடு குற்றாலம் போய்க் குளித்துவிட்டுத் தொப்பையோடு திரும்பினார்கள். ஆயுள் தடை என்றும் ஒன்று இருந்தது. அது வழக்கமாக அடுத்த வீரர் ஏலம் வரைக்கும் உயிரோடிருந்தது.

ஆகவே லீக் அறிவியலிடம் போனது. வந்திருப்பது நல்ல வாடிக்கை என்று தெரிந்ததும் அறிவியலும் கதவைத் திறந்தது.

சமவலிச் சட்டத்தின் கீழ் முதல் விசாரணை, சென்னையில் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாண வரவேற்பின் ரோஜா இதழ்கள் மேடைக் கம்பளத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. பின்னால் தொங்கிய பேனரில் ‘சமவலி, சமநீதி’ என்று பெரிதாகவும், ‘வழங்குவோர்: குளிர்நிலா வலி நிவாரணத் தைலம்’ என்று அதைவிடப் பெரிதாகவும் அச்சடித்திருந்தார்கள். இதில் முரண் ஏதாவது இருப்பதாக மேடையில் யாருக்கும் தோன்றவில்லை.

நடு நாற்காலியில் ஒழுங்கு மன்றத் தலைவர், நீதியரசர் கோதண்டபாணி. அவர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆயிற்று. அவருடைய குரலுக்கு மட்டும் இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டால்கூடத் தீர்ப்பாகத்தான் கேட்பார். அவருக்குப் பக்கத்தில் லூர்துசாமி. கபடி நடுவராக விசில் ஊதி ஊதியே தலை நரைத்தவர், இப்போது மன்றத்தின் தண்டனைக் கண்காணிப்பாளர். அந்தப் பதவியை அவர் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெம்பு இல்லாத ஒரு நாளில் கொடுத்துவிட்டார்கள்.

எதிரே நின்ற குற்றவாளி சுடலைமணி, தூத்துக்குடி சுறாக்கள் அணியின் இடது கார்னர். ஏறி வருகிற ரெய்டரின் காலைப் பிடித்து நிறுத்துவது அவன் வேலை. முப்பது தாண்டிவிட்டது. பிடி வழுக்காமலிருக்கக் கையில் பிசின் பூசி ஆடி மாட்டியிருக்கிறான், நகத்தை வளர்த்துக் கிழித்து மாட்டியிருக்கிறான். எல்லாவற்றையும்விட, அடிபடாமலே அடிபட்டதாகக் காட்டுவதில் அவனுக்கு இணை லீகில் இல்லை. “யம்மா” என்று ஒரு அலறல், நடுவர் நிற்கிற பக்கமாக இரண்டு உருளல், ஒரு கண் மூடியும் ஒரு கண் கொஞ்சம் திறந்தும். லூர்துசாமி அந்தத் திறந்த கண்ணைப் பார்த்துப் பார்த்தே பாதி வாழ்நாளைக் கழித்தவர்.

இந்த முறை நடிப்பு இல்லை. திரையில் ஓடிய காட்சியில், ஈரோடு இடிகள் அணியின் இளம் ரெய்டர் செங்கதிர் பிடிபடுகிறான். விசில் ஒலிக்கிறது. சுற்றியிருந்தவர்கள் கையை எடுத்துவிடுகிறார்கள். சுடலை மட்டும் அவனுடைய வலது காலை விடாமல் ஒரு முறுக்கு முறுக்குகிறான். மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். மண்டபம் “ச்சொ” கொட்டியது. அது பிடித்துப்போனதாலோ என்னவோ, இன்னும் மெதுவாக இன்னொரு முறை ஓட்டினார்கள்.

“விசில் ஒலித்த பின்னரும் நீர் பிடியை விடவில்லை. ஏன்?” என்றார் நீதியரசர்.

“விசில் காதுக்கு வந்துட்டு ஐயா. கைக்குப் போய்ச் சேரல.”

பின் வரிசையில் சிரிப்பு. நீதியரசர் மேசையைத் தட்டினார். “விளையாட்டாகப் பேசுகிறீரா?”

“வெளையாட்டுதான ஐயா தொழிலு. மூணு வாட்டி என்னைத் தொட்டுட்டுப் போயிட்டான், சின்னப் பய. கூட்டம் பூரா என்னையப் பாத்துச் சிரிச்சிது. ஆத்திரம். தப்புதான். என்ன செய்யணுமோ செய்யிங்க.”

மருத்துவர் ரெஹானா எழுந்து வந்தார். கையில் முட்டிக்குப் போடுகிற கறுப்புப் பட்டை ஒன்று. முகத்தில், தான் கண்டுபிடித்ததை வேறு எதற்கோ கண்டுபிடித்ததாக நினைத்திருந்த ஒருவரின் களைப்பு.

“செங்கதிரோட முட்டியில தோலுக்கடியில ஒரு சின்ன வில்லை வச்சிருக்கோம். அவர் நரம்புல போற வலியை அது கேட்டுக்கும். கேட்டதை அப்பவே இந்தப் பட்டைக்குச் சொல்லிடும். பட்டை உங்க நரம்புக்குச் சொல்லும். உங்களுக்குக் காயம் ஒண்ணும் ஆகாது. வலி மட்டும்தான்.”

“எனக்கு வலிச்சா அவனுக்குக் குறையுமா டாக்டரம்மா?”

“இல்ல. அவருக்கு இருக்கிறது இருக்கும்.”

“அப்ப ஒரு வலி இருந்த எடத்துல ரெண்டு வலி. இதுல யாருக்கு லாபம்?”

“நீதிக்கு!” என்றார் நீதியரசர். கைதட்டல் கேட்டது. தைலக் கம்பெனிக்காரர்கள்தான் முதலில் தட்டினார்கள்.

லூர்துசாமி தொண்டையைக் கனைத்தார். “எவ்வளவு வலிக்குதுன்னு நமக்குத் தெரியுமா டாக்டர்?”

“தெரியாது சார். வீரர் சங்கம் ஒத்துக்கலை. காயம் பட்டவனோட வலி வெளிய தெரிஞ்சா ஏலத்துல அவனை எவன் எடுப்பான்னு கேட்டாங்க. அதனால அளவு எங்கயும் பதியாது, யாருக்கும் போகாது. இவர் முட்டிக்கு மட்டும்தான் தெரியும்.”

“அப்ப தண்டனை நடக்குதா இல்லையான்னு எப்படிப் பாக்கிறது?”

“கண்ணால் பார்ப்போம்,” என்றார் நீதியரசர். “வாரம் ஒருமுறை கேமரா முன்னால் நடக்கச் செய்வோம். வலிக்கிறவன் நடையை அறியாதவர் உண்டோ?”

இப்படித்தான் ‘தண்டனை நடை’ பிறந்தது. செங்கதிரின் வலியும் தீர்ந்து, சுடலை மனம் திருந்தியதாக மன்றமும் நம்பும்வரை, பட்டை கழலாது, ஆட்டமும் கிடையாது.

*

முதல் நடையைப் படமெடுக்க லூர்துசாமி தூத்துக்குடிக்குப் போனார். சுடலை ஒரு உப்புக் குடோனுக்கு மேல் மாடியில் குடியிருந்தான். அவன் மனைவி ஊருக்குப் போயிருந்தாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாளாம், வாரா வாரம் வீட்டுக்குள் கேமரா வருவது அவளுக்கு ஆகவில்லையாம்.

வழக்கமான நாடகத்தை எதிர்பார்த்துத்தான் லூர்துசாமி போனார். “யம்மா” வரும், உருளல் வரும், ஒரு கண் திறந்திருக்கும். எதுவும் வரவில்லை. சுடலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நாலு எட்டு வைத்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டான். சத்தமே இல்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

“என்னப்பா, ரொம்ப வலிக்குதா?”

துண்டை எடுத்தான். “இப்ப அவன் கக்கூஸ்ல உக்காருதான் சார்.”

“யாரு?”

“செங்கதிரு. காலைல எந்திரிச்ச உடனே முட்டி மடங்காது, எறும்பு மாதிரி கடிக்கும். அப்புறம் எவனோ புடிச்சுத் தேச்சு விடுதான், அது கொஞ்சம் சொகமா இருக்கும். மத்தியானம் தூங்குவான்னு நெனைக்கேன், அப்ப எனக்கும் தூக்கம். ராத்திரி பொரண்டு படுத்தான்னா ரெண்டு பேருக்கும் போச்சு. எம் பொண்டாட்டியப் பத்திக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது சார்.”

கேமராக்காரன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருத்தப்பட்டான்.

அந்தக் காணொளி ஊரெல்லாம் ஓடியது. சுடலை துண்டைக் கடிக்கிற இடத்தில் நிறுத்தி, தைலக் குப்பியின் படம் வந்தது. நீதியரசர் மூன்று தொலைக்காட்சிகளில் பேசினார். மூன்றிலும், மனித குல வரலாற்றில் முதன்முறையாக என்றுதான் ஆரம்பித்தார்.

மன்றம் யோசிக்காத ஒன்றை அணி முதலாளிகள் யோசித்தார்கள். செங்கதிரின் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் சுடலை எப்படி நடக்கிறான் என்று பார்க்க எவனுடைய அனுமதியும் வேண்டியதில்லை. நன்றாக நொண்டினால் செங்கதிரின் விலை இறங்கியது. கொஞ்சம் நேராக வந்தால் ஏறியது. ஒரு சேனலில் கோட் போட்ட ஒருவர் சுடலையின் நடையை வாரா வாரம் கோடு போட்டு விளக்கினார். பூட்டிய பெட்டிக்குள் வைத்த இரகசியத்தை, நீதி அதே கையால் பொதுச் சாலையில் நடக்கவிட்டிருந்தது.

*

ஏலத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது செங்கதிர் குணமாகிவிட்டதாக ஈரோடு அணியின் மருத்துவர் சான்றிதழ் கொடுத்தார். அவன் பயிற்சியில் ஓடுகிற படமும் வந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் சுடலை பாயில் காலை நீட்டிக் கிடந்தான். திடீரென்று முட்டியில் ஒரு குத்து. ஒரு நொடி விட்டு இன்னொன்று. வெளியே மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். சத்தம் விழும்போதெல்லாம் குத்தும் விழுந்தது. சுடலைக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் வாசலைப் பார்த்துக் கத்தினான்.

“லேய், மெல்ல ஏறுலே! கொல்லாத!”

கதவைத் தள்ளிக்கொண்டு செங்கதிர் வந்தான். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி. உள்ளே வந்து இரண்டையும் கழற்றினான். படத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தான்.

“அங்கயே உக்காரு. சம்மணம் போடாத. நீட்டு, காலை நீட்டு.” இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். “என்ன, அடிக்க வந்தியா?”

“இல்லண்ணா. ஒண்ணு கேக்க வந்தேன்.” செங்கதிர் தரையைப் பார்த்தான். “நீங்க நொண்டாதீங்கண்ணா.”

சுடலை சிரித்தான். “நான் என்ன ஆசைப்பட்டா நொண்டுதேன்?”

“எல்லாரும் உங்களைத்தான் பாக்குறாங்க. எனக்குச் சரியாயிடுச்சுன்னு எங்க டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க நொண்டினா அது பொய்யின்னு ஆயிடும்.”

“பொய்தான அது. உள்ள ஏதோ நழுவுதுலே. திரும்பும்போது எலும்பு எடம் மாறி எடம் வருது. எனக்குத் தெரியுது. ஸ்கேன் எடுத்தியா?”

“எடுத்தா தெரிஞ்சிடும்ல.”

“லூசுப் பயலே. ஜவ்வு மிச்சம் இருக்கும்போதே தச்சா அடுத்த வருசம் ஆடலாம். அறுந்து போச்சுன்னா கால மடக்கி உக்காரக்கூட முடியாது.”

“அடுத்த வருசம் யாருண்ணா கூப்பிடுவாங்க? போன வருசம் தோள் எறங்குன தினகரை யாருக்காவது ஞாபகம் இருக்கா?” செங்கதிர் குரலை உயர்த்தவில்லை. “எங்க ஊரு பண்ருட்டிக்கிட்ட. எங்கண்ணன் முந்திரி உடைக்கிறான். தோட்டுப் பால் பட்டுப் பட்டு ரெண்டு கையும் வெந்து கருத்துப்போச்சு, விரலு மடங்காது. எனக்கும் அந்தக் கம்பெனியில எடம் வச்சிருக்காங்க. நான் கபடி ஆடத் தெரிஞ்சவன். அது ஒண்ணுதான் தெரியும்.”

“நான் நேரா நடந்தா நீ ஆடுவ. ஆடினா முட்டி போயிரும்.”

“போனா என் முட்டிதானண்ணா.”

“எனக்குந்தாம்லே வலிக்கும்!”

கீழே குடோனில் யாரோ உப்பு மூட்டையைப் போட்டார்கள். தரை அதிர்ந்தது. இருவரும் முகம் சுளித்தார்கள்.

“விசில் ஊதின அப்புறம் முறுக்கினீங்க,” என்றான் செங்கதிர். “நான் உங்ககிட்ட சண்டைக்கு வரல. கேஸு போடல. இது ஒண்ணு செய்யக்கூடாதா?”

சுடலை முட்டிப் பட்டையை ஒருமுறை தடவிக்கொண்டான். பிறகு, “எறங்கும்போது கைப்பிடியப் புடிச்சு எறங்கு. மூணாவது படி ஒடஞ்சிருக்கு,” என்றான்.

*

அடுத்த நடையில் சுடலை நேராக வந்தான். நேராக மட்டுமல்ல, கையை வீசிக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. லூர்துசாமி அதைக் கவனித்தார். தூத்துக்குடி வெயில் என்று நினைத்துக்கொண்டார். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது அன்றைக்குச் சுலபமாக இருந்தது.

மன்றம் அந்தச் சிரிப்பை மூன்று முறை போட்டுப் பார்த்தது.

“என்ன நெஞ்சழுத்தம்!” என்றார் நீதியரசர். “கடுகளவு வருத்தம் இருக்கிறதா அந்த முகத்தில்? டாக்டர், பட்டையின் வீரியத்தைக் கூட்ட இயலுமா?”

“முடியும் சார். ஆனா கூட்டினா அது சமவலி இல்ல. அவருக்கு ஒண்ணுன்னா இவருக்கு ஒண்ணரை ஆயிடும்.”

“சமம் என்பது உணர்வில், டாக்டர். கணக்கில் அல்ல.”

ரெஹானா லூர்துசாமியைப் பார்த்தார். லூர்துசாமி தன் டீயைப் பார்த்தார். அதில் ஆடை படிந்திருந்தது.

“செங்கதிருக்குக் குணமாயிருச்சோ என்னவோ சார்,” என்றார் லூர்துசாமி. “அதனாலகூட இவன் நேரா நடக்கலாம்.”

“குணமாகியிருந்தால் கூட்டுவதால் யாருக்கும் நட்டமில்லை. ஒன்றுமில்லாததை எத்தனை மடங்காக்கினாலும் ஒன்றுமில்லைதானே?” தன்னுடைய தர்க்கத்தின் அழகில் நீதியரசரே ஒரு நிமிடம் சொக்கிப்போனார்.

ஒன்றரை மடங்கானது. சுடலை இன்னும் நேராக நடந்தான். அடுத்த வாரம் இரண்டு மடங்கானது. அவன் நடந்துகொண்டே ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தான். கோட் போட்டவர் தன் வரைபடக் கோட்டை மேல்நோக்கி வளைத்தார். ‘செங்கதிர் முழு உடல்தகுதி, சுடலை சாட்சி’ என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. மேலே நீதியரசர், இம்மாதிரிக் கல்மனம் படைத்தோருக்கு மூன்று மடங்கு வேண்டியிருக்கும் என்று கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

*

ஏலத்துக்கு முந்தின நாள் பிற்பகல், திருச்சி உள்ளரங்கில் காட்சிப் போட்டி. எல்லா முதலாளிகளும் வந்திருந்தார்கள். செங்கதிர் ஆடுகிறான். அதற்கு முன்னால் அரங்கத்தின் நடுவில், நேரலையில், சுடலையின் அந்த வார நடை. அது முடிந்ததும் பட்டையைக் கழற்றுவதா நீட்டிப்பதா என்று நீதியரசர் அறிவிப்பார். அதற்காகப் புதுச் சால்வை ஒன்றையும் வாங்கி வைத்திருந்தார்கள். யாருக்கு என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை.

உடை மாற்றும் அறையில் சுடலை பெஞ்சில் உட்கார்ந்து தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். லூர்துசாமியைக் கண்டதும் எழுந்தான்.

“சார், கதவச் சாத்துங்க. வலி நின்னுட்டு.”

“நல்லதுதானப்பா.”

“என்ன நல்லது? கொணமாவுறதுன்னா கொஞ்சங்கொஞ்சமாக் கொறையணும். காலைல வரைக்கும் பாவி உயிர் போச்சு எனக்கு. இப்ப, சுவிட்ச அமத்துன மாதிரி பட்டுன்னு நின்னுட்டு. மரக்குற ஊசி போட்டிருக்கான் சார்.”

லூர்துசாமி உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, “காலைல வரைக்கும்னா? நேரா நடந்துக்கிட்டிருந்தியே,” என்றார்.

சுடலை சொன்னான். மாடிப்படி, பண்ருட்டி, முந்திரி எல்லாம் சொன்னான். இரண்டு மடங்கு வலியில் பாட்டு முணுமுணுத்ததையும் சொன்னான். வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொன்னான்.

“வலி இருக்கவரைக்கும் பரவால்ல சார். வலிச்சா மனுசன் கொஞ்சம் பாத்து மிதிப்பான். மரத்துப்போச்சுன்னா பேய் மாதிரி ஆடுவான். ஜவ்வு நூல்ல தொங்குது. இன்னைக்கு ஒருத்தன் கால்ல விழுந்து புடிச்சாப் போதும். அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆட்டம் முடிஞ்சு ஊசி எறங்கினப்புறந்தான் தெரியும். நிப்பாட்டுங்க சார்.”

“ஊசி போட்டிருக்கான்னு சொன்னா அவனுக்கு ஆயுள் தடை. மோசடி கேஸு.”

“ஊசியச் சொல்லாதீய. முட்டி சரியில்லன்னு மட்டும் சொல்லுங்க.”

லூர்துசாமி போய்ச் சொன்னார். நீதியரசருக்கு அப்போது முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“செங்கதிரின் முட்டி சரியில்லை என்று உமக்கு யார் சொன்னது?”

“சுடலை சார். அவனுக்குத்தான தெரியும்.”

“லூர்துசாமி! குற்றம் செய்தவன், பாதிக்கப்பட்டவரின் உடல்நிலை பற்றிச் சாட்சி சொல்வதா? நாளைக்குத் திருடன் வந்து நகையின் தரத்தைச் சொல்வான், கேட்டுக்கொள்வோமா?”

“திருடன் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்.”

“விதியில் இடமில்லை. மேலும் நேரலைக்கு நேரமாயிற்று.”

லூர்துசாமி திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே சுடலைக்குத் தெரிந்துவிட்டது.

“சரி சார். நீங்க போயி ஒங்க எடத்துல உக்காருங்க.”

“என்ன செய்யப் போற?”

“நடக்கப் போறேன்.”

விளக்குகள் அணைந்து ஒரு வட்ட வெளிச்சம் மட்டும் ஆடுகள விரிப்பின் மேல் விழுந்தது. சுடலை வந்தான். நாலு எட்டு நன்றாகத்தான் வைத்தான். ஐந்தாவது எட்டில் வலது கால் மடங்கியது.

“யம்மா!”

அரங்கத்தின் கூரை வரைக்கும் போயிற்று அந்த அலறல். முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தான். முதலாளிகள் உட்கார்ந்திருந்த பக்கமாக இரண்டு உருளல் உருண்டான். “கழட்டுங்க! கழட்டுங்க! தாங்க முடியல! உள்ள அறுக்கு!” என்று விரிப்பை அடித்தான். பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒரு குழந்தை அழுதது. கேமரா கிட்டத்தில் போனது.

லூர்துசாமி முன் வரிசையில் இருந்தார். அவருக்கு நேராக, வேர்த்து நனைந்த முகத்தில், ஒரு கண் இறுக மூடியிருந்தது. இன்னொன்று கொஞ்சம் திறந்திருந்தது.

நடித்தால் விசில் ஊதி எழுப்பி, வெளியே போகச் சொல்வதுதான் அவர் செய்துவந்த வேலை. பழக்கதோஷத்தில் கை கழுத்துக்கே போய்விட்டது. அங்கே விசில் இல்லை, மன்றத்தின் அடையாள அட்டைதான் தொங்கியது. அதைத் திருப்பி, பெயர் உள்ளே போகும்படி வைத்துக்கொண்டு, அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நீதியரசர் மேடையில் எழுந்தார். மைக்கைக் கையில் எடுத்தார். “கண்டீர்களா! கல்லும் கரைந்தது! குற்றவாளிக்கே இப்படி என்றால், பாதிக்கப்பட்ட அந்த இளைஞன் எத்தகைய வேதனையில் இருக்க வேண்டும்! அவரை உடனே பரிசோதனைக்கு அனுப்புமாறு இம்மன்றம் ஆணையிடுகிறது!”

சற்று முன் விதியில் இடமில்லாதது, நேரலையில் இடம் கண்டுவிட்டது. சீருடையோடு உடலைச் சூடேற்றிக்கொண்டிருந்த செங்கதிர் “எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று குதித்துக் காட்டினான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. கோட் போட்டவர் அதற்குள் கோட்டைத் தரைக்கு இறக்கியிருந்தார். முதலாளிகள் ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள்.

*

ஆஸ்பத்திரி நடைபாதையில் இரும்பு நாற்காலிகள். சுவரில் சத்தம் குறைத்து வைத்த டிவி. அதில் சுடலை திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தான். நடுநடுவே தைலம் வந்தது. சுடலையின் மனமாற்றம் உறுதிப்பட்டாலும், வலி இன்னும் தீராததால் பட்டை மேலும் சில வாரம் தொடரும் என்று நீதியரசர் சொல்வதாக அடியில் எழுத்து ஓடியது.

ஸ்கேன் பார்த்த மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜவ்வு முக்கால்வாசி கிழிந்திருக்கிறது. மிச்சம் இருப்பதை வைத்துத் தைக்கலாம். இன்றைக்கு ஆடியிருந்தால் தைப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

செங்கதிர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் லூர்துசாமி.

“சார், அந்தாளு நடிச்சான்.”

“யாரு?”

“சுடலை. அப்ப வலியே கிடையாது சார். பொய். தரையில பொரண்டது மொத்தமும் பொய். நான் புகார் குடுக்குறேன், எழுதிக்குங்க.”

“வலி இல்லன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?”

செங்கதிரின் கை தன் முட்டிக்குப் போனது.

“அவனுக்கு வலி இல்லன்னா உனக்கும் வலி இல்லன்னு அர்த்தம்,” என்றார் லூர்துசாமி. “ஜவ்வு கிழிஞ்சவனுக்கு ஏன் வலிக்கலன்னு மன்றம் என்னைக் கேக்கும். நான் என்ன சொல்லட்டும்? நீ சொல்லு, எழுதிக்கிறேன்.”

ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள். சக்கரம் ஒன்று கீச்சிட்டது.

“நாளைக்கு ஏலம் சார்.”

“தெரியும்.”

“என் பேரு வராது.”

“வராது.”

செங்கதிர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. லூர்துசாமி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் நீதியரசர் குரலில்தான் வந்திருக்கும். எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து செங்கதிர் மூக்கைத் துடைத்தான். “அந்தாளு இப்ப எங்க?”

“வெளிய, ஆட்டோ ஸ்டாண்டுகிட்ட நிக்கிறான். உள்ள வாடான்னா வரமாட்டேங்கிறான். ஸ்கேன்ல என்னன்னு கேட்டுச் சொல்லச் சொன்னான். சொன்னேன். சரின்னான்.”

“நாசமாப் போவான்.”

“சொல்லிடுறேன்.”

செங்கதிர் குனிந்து வலது முட்டியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் பக்கத்தில். மூச்சை இழுத்துப் பிடித்தான். முகம் மாறியது.

“சார்.”

“என்னப்பா?”

“மரப்பு விட ஆரம்பிச்சிடுச்சு.” பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தான். “உங்க ஆளுங்க அவனுக்கு ரெண்டு மடங்கு வேற வச்சிருக்காங்க. சீக்கிரம் போங்க சார். எதையாவது புடிச்சிக்கிட்டு உக்காந்துக்கச் சொல்லுங்க.”